ஒரு லயத்துக்கு ஒரு மின்னஞ்சல்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு எதிரே, மாடியில் இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில்தான் நான் முதன்முதலில் இணையத்தைப் பார்த்தேன். போட்டோகொப்பி எடுக்கவும் பெக்ஸ் அனுப்பவும் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். ஒரு நாள் முதலாளி ஒரு கணினியைக் கொண்டுவந்து தொலைபேசி வயரில் மாட்டினார். அது கீச்சிட்டு, கரகரத்து, ஒருவழியாக இணைந்தால் உலகம் திறக்கும். நடுவில் யாராவது கடைக்கு அழைப்பு எடுத்தால் மூடிக்கொள்ளும். இனிமேல் இதற்கு நான்தான் பொறுப்பு என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் அந்த முட்டாள்தனத்தையும் செய்தேன்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருடைய லயத்துப் பிள்ளைகள் சிலர் கட்டாருக்குப் போயிருந்தார்கள். கடிதம் போடுவதை விட்டுவிட்டு, ஈமெயில் விலாசம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

“எங்க லயத்துக்கு ஒரு ஈமெயில் போட்டுக் குடுங்கம்மா” என்றார்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிநிற்கும் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒன்று. எனக்கு அது பிழையாகவே படவில்லை. தோட்டத்தில் வீட்டுக்கு வீடு விலாசம் கிடையாது. எல்லாக் கடிதங்களும் தோட்டத்துப் பெயரைப் போட்டு ஆபீசுக்கு வரும். ஒருவர் வாங்கிவந்து பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஈமெயிலும் கடிதம்தானே என்று ஒரே விலாசத்தைத் திறந்து, கடவுச்சொல்லையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அதை லயத்து முதல் வீட்டில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சனிக்கிழமைதோறும் லயத்திலிருந்து யாராவது டவுனுக்கு வருவார்கள். நான் வந்தவற்றை அச்செடுத்து, மேலே பெயரெழுதி, மடித்துக் கொடுப்பேன். லைன் எப்போது அறும் என்று தெரியாததால் எனக்கு எப்போதும் அவசரம். திறக்காத மடல்கள் தடித்த எழுத்தில் நிற்கும், திறந்தவை மெலிந்துவிடும். தடித்தவற்றை மட்டும் எடுப்பேன்.

நாலாம் வீட்டுப் பெண் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு டவுனில் தமிழ்த் தட்டச்சுப் படித்தவள். வேகமான கை. கொழும்பில் ஓர் அச்சகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். பதில் வர எந்த விலாசத்தைக் கொடுப்பது என்று என்னிடம் கேட்டாள். லயத்து விலாசத்தையே கொடுக்கச் சொன்னேன். அந்த வேலை கிடைத்தால் கொழுந்துக் கூடை தன் முதுகில் ஏறாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்தாலும் அது விளையாட்டுப் பேச்சில்லை. தாய்க்கு முதுகு வலி, அடுத்தது அவள் முறைதான்.

மூன்று சனிக்கிழமை வந்தாள்.

“அக்கா, வந்திச்சுங்களா?”

“வரல்ல தங்கச்சி. வந்தா நான் எடுத்து வைக்க மாட்டேனா?”

நாலாவது சனிக்கிழமை, “நானே ஒருக்கா பார்க்கட்டுங்களா?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என்னை நம்பவில்லையா என்ற கோபத்தில் கதிரையை விட்டு எழுந்து, “பாரு, நல்லாப் பாரு” என்றேன். அவள் என்னைப்போல் அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். மெலிந்த எழுத்துகளுக்கு நடுவில் அது இருந்தது. அதில் அழைத்திருந்த நேர்முகத் தேர்வு முடிந்து ஒன்பது நாள்.

லயத்தைச் சேர்ந்த ஒருவர் கெலிஓயாவில் வேலை செய்தார். தன் அண்ணனின் மடலைத் தேடி அங்கே ஒரு கடையில் லயத்து ஈமெயில் பெட்டியைத் திறந்தவர், இதையும் திறந்திருக்கிறார். ஆங்கிலமாக இருக்கவே தனக்கில்லை என்று மூடிவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் மெலிந்த எழுத்தைக் கண்டதுமே, பிழை என்னுடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாய் பூசி மெழுகியது.

“லைன் ஸ்லோ தங்கச்சி. இப்பத்தான் வந்து விழுந்திருக்கு.”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைத் தொலைபேசியிலிருந்து கொழும்புக்கு அழைத்தோம். ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். அடுத்த மாதம் அவள் கொழுந்தெடுக்கப் பெயர் பதிந்தாள்.

அதன் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனி விலாசம் திறந்து கொடுத்தேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. வயர் போய் வயரில்லாத இணையம் வந்தது. கையில் போன் வந்ததும் எங்கள் கடைக்கு ஆள் வருவது நின்றது. முதலாளி அதை மூடிவிட்டார். இன்று அந்த லயத்தில் வீட்டுக்கு மூன்று போன் இருக்கிறது. தபால் மட்டும் இன்னும் தோட்ட ஆபீசுக்குத்தான் போகிறது.

போன மாதம் குண்டசாலை பஸ்ஸில் அந்த நாலாம் வீட்டுப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல வருடம் கொழுந்தெடுத்துவிட்டு, இப்போது டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாளாம். மகள் போனில் படிப்பதைப் பற்றிச் சொன்னாள். எனக்கு மனம் உறுத்தியது.

“அன்னைக்கு லைன் ஸ்லோன்னு சொன்னேனே...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியுங்க அக்கா. மடலுக்கு மேலேயே தேதி போட்டிருந்துச்சு. நான் மொத தரம் கேக்க வர்றதுக்கு முந்தியே வந்திருச்சு.”

“பிறகு ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல்ல?”

“எப்படிங்க கேக்குறது? பன்னெண்டு வீட்டுக்கும் நீங்க ஒருத்தர்தானே பார்த்தீங்க. ஒங்களோட கோவிச்சுக்கிட்டா, மத்த பதினோரு வீட்டுக்கும் யாரு கடுதாசி எடுத்துக் குடுக்குறது?”

இறங்குமிடம் வந்து, பையை எடுத்துக்கொண்டு, வாறேன் அக்கா என்று போய்விட்டாள். அவளிடம் கேள்வி கேட்டேனே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை என்பது, பஸ் புறப்பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.