கஸ்பார் ரூப்பனும் கோழிக்கால் கட்டையும்

விற்றாராம்! தண்ணீரை விற்றுவிட்டுப் போனாராம்! கஸ்பார் ஊரைவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது, பிலோமினாவுக்கு வாய் இன்னும் வலிக்கவில்லை. நேற்று ஊர் அடுப்பில் ரொட்டி சுடப் போன இடத்திலும் அதே பேச்சு.

"நீங்க என்ன சொன்னாலும் சரி வெரேனாக்கா, கீழூர்க்காரன் கைல தண்ணியைக் குடுத்தது அந்த ஆளுதான். சும்மாவா குடுத்திருப்பாரு?"

"என்ன வெலைக்கு வித்தாருடி? நீ தரகு பாத்தியா?"

"ஊரே சொல்லுதே."

"ஊரு சொல்லும். நான் அன்னிக்கு அங்கேயே இருந்தேன். நீ மலைமேல மாட்டோட இருந்த."

அவள் மாவு பிசையத் திரும்பிவிட்டாள். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

கஸ்பார் ரூப்பன் கோவேறு கழுதையில் மூட்டை ஏற்றிப் பிழைத்தவரின் மகன். என்னைவிட நாலு வயது சின்னவர். பாதிரியார் அவருக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்து ப்ரிக் நகரத்துப் பள்ளிக்கு அனுப்பினார். குருவானவராகத் திரும்பி வருவார் என்று எல்லாரும் பார்த்திருக்க, வாத்தியாராக வந்து நின்றார். பனிக்காலம் ஆறு மாதமும் பிள்ளைகளுக்குப் பாடம், கோடையில் எங்களைப் போலவே புல் அறுப்பு. மிச்ச நேரத்தில் கோயில் மரப்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பழைய தோல் ஏடுகளைப் படிப்பார். "செத்தவங்களோடயே பேசிக்கிட்டிருந்தா உசுரோட இருக்கிற எவ உன்னைக் கட்டுவா?" என்று அவர் அம்மா திட்டுவாள். எவளும் கட்டவில்லைதான்.

முப்பத்திரண்டு வயதில் எங்கள் ஊரான ஓபர்மாட்டுக்குத் தலைவரானார். கை தூக்கித் தேர்ந்தெடுத்தது ஆண்கள். எங்கள் கைக்குப் பால் கறப்பதோடு சரி. அப்புறம் சிட்டெனில் இருக்கிற மாநில மன்றத்துக்கும் மூன்று தடவை போனார். அங்கே எழுந்து நின்று கத்தி, பாறையோரம் தொங்குகிற எங்கள் மர வாய்க்காலுக்குப் புதுப் பலகை வாங்கிவந்தார். அதற்கு முன்னால் வாய்க்கால் செப்பனிடப் போய் ஒருத்தராவது பள்ளத்தில் விழுந்து சாகாத வருஷமே கிடையாது. பிலோமினாவின் அண்ணனும் அப்படித்தான் போனான். அவளுக்கு அது மறந்துவிட்டது.

ஊர் வரலாற்றையும் எழுதி அச்சடித்தார். மலைத் தண்ணீர் ஏழு நாளும் ஓபர்மாட்டுக்கே உரியது என்று அதில் எழுதியிருந்தது. கீழூரான உண்டர்மாட்டில் வெள்ளியும் சனியும் தங்கள் முறை என்று வழக்குப் போட்டார்கள். நீதிபதி புத்தகத்தைப் பார்த்தார், வழக்கைத் தள்ளுபடி செய்தார். அன்றைக்குக் கஸ்பாரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலை மூன்று சுற்று சுற்றினார்கள்.

பதினோரு வருஷம் அப்படியே போனது. ஒரு கோடையில் மே மாதத்துக்கு அப்புறம் மழையே இல்லை. மேலேயிருந்து பார்த்தால் கீழூர்ப் புல்வெளி சுட்ட ரொட்டி நிறத்தில் கிடந்தது. மாடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் வைக்கோல் பரணின் உத்தரத்தில் வெட்டியிருக்கும் ஆண்டைப் பார்த்து எழுதிக்கொள்ள கஸ்பார் வந்தார். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை அவர் கண்ணில் பட்டது.

"இது என்னக்கா?"

பாவாடை நுனியால் துடைத்துப் பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் என் அப்பா நீர்கட்டி. வாய்க்கால் மடையைத் திறந்து மூடினவர். எந்த ஊருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று முறைக்கட்டையில் வெட்டியிருப்பதை நான் தூக்கத்திலும் படிப்பேன்.

"கோழிக்கால் குறி. கீழூரோடது. பெரிய வெட்டு ஒண்ணுன்னா ஒரு நாள். இதுல ரெண்டு இருக்கு."

"நல்லாப் பாருக்கா."

"எத்தனை தடவை பாத்தாலும் ரெண்டுதான்."

வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்தத் தோல் ஏட்டுல கீழ்ப்பாதியை எலி தின்னிருந்துச்சு. மேல நம்ம ஊர் பேரு மட்டும் இருந்துச்சு. மிச்சமும் நம்மதாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன்க்கா."

"இப்ப என்ன பண்ணப்போற?"

"உன் நிலத்துக்கும் தண்ணி குறையுமே."

"நான் அதைக் கேக்கல."

வியாழக்கிழமை ஊர்ச்சபை கூடியது. நான் கூடத்துக்கு வெளியே மண்டியிட்டுத் தரை தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. கஸ்பார் கட்டையை மேஜைமேல் வைத்தார். எலி தின்ற ஏட்டைப் பற்றியும் சொன்னார். ஊரிலேயே அதிகப் புல்வெளி வைத்திருந்த அன்டோன் லோஹ்மாட்டர் ஒயின் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"கஸ்பார், கட்டை இங்க இருக்கு, அடுப்பு அங்க இருக்கு. இதுக்கு எதுக்குக் கூட்டம்?"

"என் புத்தகத்துல தப்பு இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். அதை எவன் படிச்சான்? நான் படிக்கல." எல்லாரும் சிரித்தார்கள்.

"நீதிபதி படிச்சாரு. கீழ இப்படிக் காஞ்சு கிடக்க அது ஒண்ணு போதாதா?"

"மூணு வாரத்துல தேர்தல் வருது. நீ நம்ம தலைவனா, அவனுங்க தலைவனா?"

"இந்த நாற்காலில உக்காந்திருந்தா நீங்க நாலு பேரும் சொல்றதைக் கேக்கணும். அதான் எந்திரிச்சுட்டேன்."

நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தமும் சாவிக்கொத்து மேஜையில் விழுந்த சத்தமும் கேட்டன. "கட்டையை வெச்சுட்டுப் போடா!" என்று அன்டோன் கத்தினான். "இது உங்களோடதும் இல்ல, என்னோடதும் இல்ல," என்றார் கஸ்பார்.

வெளியே வந்தார். முகத்தில் கோபமே இல்லை. நல்ல வெளிச்சத்தில் நிற்கிறவரைப் போல இருந்தார்.

"தரை ஈரம்," என்றேன். "வாசல்ல ஊரே நிக்குது. பின்பக்கம் காஞ்சிருக்கு, அப்படிப் போ."

"இல்லக்கா. நீ தேச்ச தரையில மிதிக்கிறேன், திட்டாத."

"மிதி. நான் மறுபடி தேச்சுக்கிறேன்."

கட்டையைக் கோட்டுக்குள் மறைக்கவில்லை, எல்லாரும் பார்க்கும்படி கையில் பிடித்திருந்தார். முன்கதவை அகலத் திறந்தார். கூட்டம் தானாக விலகியது. படியிறங்கி, கீழூருக்குப் போகிற பாதையில் நடந்தார்.