எல்லாவற்றுக்கும் 'எஸ்' போட்டேன்

இந்த நெல் போகத்தில் என்னைக் குழப்பியது ஒரு பெட்டி.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வயலில் நான் மாட்டிக்கொடுத்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தால் மோட்டாரைப் போடும். இல்லாவிட்டால் நிறுத்தும். உள்ளே சின்னக் கம்ப்யூட்டர். அது திடீர் திடீரென்று உறைந்துபோனது. உறைந்தால் மோட்டார் ஓடாது. நெல் பால் பிடிக்கிற நேரம்.

வயல்காரர் பாண்டியம்மாள் சத்தம் போடவில்லை. "அண்ணே, இன்னொரு தடவ நின்னா பெட்டியக் கழட்டிட்டுப் போயிருங்க" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரியும். சமயநல்லூரில் கடை. பெட்டிக்குள் இருக்கும் சங்கதி, கே.கே. நகரில் இருக்கும் என் அக்கா மகள் செல்வியின் வேலை. அவள் விளக்கினாள். கெர்னல் என்பது உள்ளே இருக்கும் மேஸ்திரி. யார் எப்போது வேலை பார்ப்பது என்று பிரித்துக்கொடுப்பது அதுதான். உறையும்போது என்ன நடக்கிறது என்று அதையே எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு டீபக் ஆப்ஷன்களை, அதாவது கோளாறு தேடும் சோதனைகளைப் போட்டு, கெர்னலைப் புதிதாக பில்ட் பண்ண வேண்டும்.

எத்தனை ஆப்ஷன்? ஸ்க்ரீனில் இறங்கிக்கொண்டே போகிறது... ஒவ்வொன்றுக்கும் எஸ் அல்லது நோ. பலவற்றின் அடியில் ஒரு குறிப்பு — சந்தேகம் இருந்தால் நோ சொல்லவும் என்று. செல்வி மூன்றைக் காட்டி, அதற்கு மட்டும் எஸ் போடச் சொல்லிவிட்டு, ஆபீஸ் போனில் உட்கார்ந்துவிட்டாள்.

எந்த மூன்று? எல்லாப் பெயரும் ஒரே மாதிரி இருந்தது.

மோட்டாரைப் பிரித்தால் பேரிங், காயில், கெபாசிட்டர் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் மூடுவோம். அந்தப் பழக்கம். எல்லாவற்றுக்கும் எஸ் போட்டேன்.

அந்தக் கெர்னலை ஏற்றியதும், பெட்டி எழுந்திருக்கவே ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. ஆனால் — உறையவில்லை. ஒரு வாரம் ஆகியும்.

செல்வி பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். மூன்று மட்டும் போட்டு வேறு கெர்னல் ஏற்றினாள். மறுநாளே உறைந்தது. ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. பாண்டியம்மாள் பார்ப்பதற்குள் என்னுடையதை மறுபடி ஏற்றினோம். ஓடியது.

"மாமா, நீங்க போட்ட இம்புட்டு சோதனையும் சேந்து வேகத்தக் கொறைக்குது. அதுல கோளாறு ஒளிஞ்சுக்கிச்சு. சரியாகல" என்றாள்.

ஓடுகிறது. ஆனால் சரியாகவில்லை... இது எந்த ஊர் நியாயம்?

பெட்டியைக் கழற்றி ஆராய வேண்டும் என்று செல்வி நின்றாள். பாண்டியம்மாளிடம் மேஸ்திரி கதையைச் சொன்னேன். அவர் விடவில்லை.

"ஆளு நின்னு பாத்தாத்தேன் மேஸ்திரி வேல பாப்பாரு. அறுப்பு வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கட்டும்ணே."

போன வாரம் அறுத்தாயிற்று. பெட்டி இன்னும் அங்கேதான். கோளாறு என்னவென்று இதுவரை தெரியாது.

சந்தேகம் இருந்தால் நோ சொல்ல வேண்டுமாம். எனக்கு எல்லாமே சந்தேகம். எஸ் சொன்னேன்.