மீன்காரியைச் சுட்டால் புள்ளி

அது கம்ப்யூட்டர் போட்ட குரல் என்று அடையாறு அரங்கில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது பொய். அது என் குரல். பதிவு செய்தது நீங்கள்தான்.

அன்றைக்குக் கைதட்டியவர்களுக்கு இது தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

தேனாம்பேட்டையில் ஒரு சின்ன அலுவலகம். வீடியோ கேம் செய்கிறோம். நான் ஒலிப் பிரிவில் இருக்கிறேன், நீங்கள் முதலாளி. பழைய சண்டைப் படங்களுக்கு மரியாதை செய்வதுபோல ஒரு துப்பாக்கி விளையாட்டு செய்யலாம் என்றீர்கள். எல்லாருக்கும் பிடித்தது. எனக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தோல் ஜாக்கெட் போட்ட ஹீரோ பைக்கில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருவான். காலி டிரம்கள் உருளும். சிவப்பு விளக்கு எரிகிற குகையில் வில்லன் சுழல் நாற்காலியில் திரும்பிச் சிரிப்பான். ஹீரோவின் துப்பாக்கியில் குண்டு தீரவே தீராது. அத்தனையும் எங்கள் விளையாட்டில் வைத்தோம். பாதியில் ‘இடைவேளை’ என்று ஒரு அட்டைகூடப் போட்டோம். துப்பாக்கிச் சத்தம் பழைய தியேட்டர் ஸ்பீக்கரில் கேட்பதுபோலக் கரகரக்க வேண்டும் என்று நான் கிடந்து மாரடித்தேன். அது பெருமையாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

சினிமாவில் பெரிய பாடகர் வருவதற்கு முன் வேறொருவரை வைத்து டிராக் பாடவைப்பார்கள். எங்களிடமும் அதே வழக்கம். குரல் கலைஞர் வரும்வரை ஆபீசில் யாராவது பேசி வைப்போம். மீட்டிங் அறைக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, ஏசியை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்கக் கத்துவோம். மீன் மார்க்கெட் கட்டத்துக்கு ஒரு மீன்காரி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

“நீ பட்டினப்பாக்கம்தானே? உங்கம்மா கடையில கத்தற மாதிரி ரெண்டு வார்த்தை கத்து. சும்மா டிராக்தான், அப்பறம் எடுத்துடலாம்.”

கத்தினேன். மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்கிறவர்களை அம்மா இப்படித்தான் கூப்பிடுவாள்: “இன்னா நைனா, தொட்டுட்டுப் போய்க்கினே கீறே? செவுளப் பேத்துடுவேன், வா இங்க!” அவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். அது அவள் வியாபாரம். அப்படியே ஒரு அலறலும் வேண்டும் என்றீர்கள். அலறினேன். மீன்காரி யார் பக்கம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நான் என் துப்பாக்கிச் சத்தத்துக்குத் திரும்பிவிட்டேன். மார்க்கெட் கட்டத்தை வேறு ஆட்கள் முடித்தார்கள். குரல் கலைஞர் வரவேயில்லை. விளையாட்டு என் டிராக்கோடே வெளியாகிவிட்டது.

ஒரு ஞாயிறு காலை அம்மாவுக்கு உதவியாகக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பைக்கில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். காலேஜ் பையன்கள். அம்மா வழக்கம்போல ஒருவனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவன் துள்ளிக் குதித்தான்.

“டேய் மச்சி, அதே டயலாக்குடா! அதே வாய்ஸ்டா!”

இன்னொருவன் போனை எடுத்து வீடியோ போட்டான். “யக்கா, இன்னொரு வாட்டி சொல்லுக்கா. செவுளு.”

அம்மா சிரித்தாள். “இன்னாத்துக்கு நைனா? மீன் வாங்கு, சொல்றேன்.”

முதல் ஆள் விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி அவள் நெற்றிக்கு நேராகப் பிடித்தான். “டுமீல்! விழுக்கா. இப்ப நீ விழணும்.”

அம்மா கையில் கத்தி இருந்தது. பாதி வெட்டிய வஞ்சிரம் பலகையில் இருந்தது. அவள் வெட்டுவதை நிறுத்திவிட்டாள். பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் விரலை எடுக்கவில்லை. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கத்தியோடு எழுந்து விடுவாளோ என்று நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். கை இரும்பு மாதிரி விறைத்திருந்தது.

“கெளம்புடா,” என்றேன். எனக்கே கேட்காத மாதிரி ஒரு குரலில். இரண்டாவது தடவை கத்தினேன். அந்தக் கத்தலையும் படம் பிடித்துக்கொண்டுதான் போனார்கள்.

“இன்னாடி சொல்லிட்டுப் போறான்?” என்று அம்மா கேட்டாள். வேறு வழி இல்லை, என் போனில் விளையாட்டைத் திறந்து காட்டினேன். புடவையைத் தூக்கிச் செருகிய ஒருத்தி கத்தியோடு ஓடிவருகிறாள், அம்மாவின் வார்த்தையைச் சொல்கிறாள். ஹீரோ சுடுகிறான். அலறிக்கொண்டு மீன் கூடை மேல் விழுகிறாள். திரை மூலையில் புள்ளி ஏறுகிறது.

“இது யாரு கொரலு?”

“என்னுதும்மா.”

“நானாட்டம் கீதே.”

“ஆமா.”

“பின்ன இன்னாத்துக்குடி சாவடிச்சே?”

நான் போனை அணைத்தேன்.

அன்றிலிருந்து அம்மா கூவுவதில்லை. யாராவது வந்து நின்றால் மீனை விரலால் காட்டுகிறாள், அவ்வளவுதான். வெயில் ஏறுகிறது, கூடை அப்படியே இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரி என்னிடமே கேட்டாள்: “இன்னாமே, உங்க ஆத்தாவ கம்ப்யூட்டருக்கு வித்துட்டியாமே?”

உங்கள் அறைக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

“இது அந்தப் படங்களுக்குப் பண்ற மரியாதைம்மா. அதுலயும் மீன்காரி கத்திண்டு ஓடி வருவாளோல்லியோ?”

“வருவா சார். யாரை அடிப்பா?”

நீங்கள் போனை எடுத்துப் பார்த்தீர்கள்.

“வில்லன் ஆளை அடிப்பா. கூடையால மண்டையில போடுவா. ஹீரோவ ஒளிச்சு வச்சு சோறு போடுவா. எந்தப் படத்துல ஹீரோ அவளைச் சுட்டான்? ஒரே ஒரு படம் சொல்லுங்க.”

“ரொம்ப சென்டிமென்டா எடுத்துக்கற. அடுத்த அப்டேட்ல தூக்கிடறேன், போ.”

அப்டேட் வந்தது. ஹீரோவுக்குப் புதுக் கூலிங்கிளாஸ் வந்திருந்தது. மீன்காரி அதே குரலில் செத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் விளையாட்டைப் பற்றி நீங்கள் பேசிய அந்த அடையாறு கூட்டம். நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். ஒரு பெண் எழுந்து, அந்த மீன்காரம்மா குரல் அவ்வளவு அசலாக இருக்கிறதே, யாருடையது என்று கேட்டாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத்தான் சொன்னீர்கள், யாருடையதும் இல்லை, கம்ப்யூட்டர் போட்டது என்று. சிரித்தார்கள், தட்டினார்கள். என்னால் அங்கே வாயைத் திறக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். இதற்காக என் வேலை போகும், போகட்டும்.

ஆபீஸ் மாடிப்படியில் என்னை நிறுத்தி மன்னிப்பு கேட்கிற வேலை வேண்டாம். போனும் செய்யாதீர்கள். எந்த மேடையில் பொய் சொன்னீர்களோ, அதே மாதிரி ஒரு மேடையில், அதே மைக்கில், கேமரா ஓடும்போது சொல்லுங்கள். அது யாருடைய குரல்? டிராக் என்று வாங்கியதை ஏன் எடுக்கவில்லை? அந்தப் படங்கள் எல்லாம் ஹீரோ பக்கம் நிறுத்திய பொம்பளையை நீங்கள் ஏன் ஹீரோ கையால் சுடவைத்தீர்கள்? என் அம்மா பட்டினப்பாக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். பதில் சொல்லுங்கள்.