ஞானஸ்நானம் வாங்கிய மெட்டுகள்

யூனிஸ் டீச்சர் பிறந்ததிலிருந்து சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் எந்த வருஷம் எந்தப் பாட்டு ஊரை ஆட்டி வைத்தது என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை. சித்தூர் மிஷன் ஸ்கூலில் அவர் டீச்சர். போதாக்குறைக்குத் தமிழ்ச் சபையில் ஆர்மோனியமும் அவர்தான்.

அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டினாற்போல் கொட்டகை. மாலைக் காட்சிக்கு முன்னால் கூரைமேல் இருந்த குழாய் ஸ்பீக்கரில் ரெக்கார்டு போடுவார்கள். காதைப் பொத்திக்கொண்டு யாராவது சாம்பார் தாளிக்க முடியுமா? ஒரு ரெக்கார்டு மாசக்கணக்கில் ஓடினால் டீச்சர் அதைக் குறித்து வைத்துக்கொள்வார், மனசுக்குள்தான். அதே மெட்டைப் பிள்ளைகள் வகுப்பில் பெஞ்சுமேல் தட்ட ஆரம்பித்துவிட்டால் தீர்ந்தது, அதுதான் அந்த வருஷத்து முதல் பாட்டு. தமிழா தெலுங்கா என்ற பேதமெல்லாம் கிடையாது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் பழைய வார்த்தைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாட்டுத்தொழுவம், மேய்ப்பர், நட்சத்திரம் என்று புதுச்சட்டை மாட்டிக் கேரல் கோஷ்டியிடம் கொடுத்துவிடுவார். மறுவருஷம் அதுவே கொஞ்சம் மாறி ஈஸ்டர் பாட்டாகும். அதற்கும் பிறகு, விளைச்சலைச் சபைக்குக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய் விற்க உதவும். எத்தனை பழசானாலும் எந்தப் பாட்டையும் சபை விட்டதில்லை.

"மெட்டு இன்னா பாவம் பண்ணிச்சு? ஞானஸ்நானம் குடுத்துட்டா அதுவும் நம்ம புள்ளதான்" என்பது டீச்சரின் கட்சி.

அறுபதுகளில் வேலை சுலபமாக இருந்தது. காதலன் நிலாவைப் பார்த்து உருகிய மெட்டில் யோசேப்பும் மரியாளும் நிதானமாகப் பெத்லகேம் போய்ச் சேர்ந்தார்கள். எழுபதுகளில் பாட்டு வேகம் பிடித்தது, நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் ஒட்டகத்தை விரட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் வந்தது டிஸ்கோ. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மேய்ப்பர்கள் மந்தையை அம்போவென்று விட்டுவிட்டு இடுப்பை வெட்டினார்கள். பலமனேர் சபைக்காரர்கள் ஆளனுப்பி அந்தப் பாட்டை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

சபையில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். நல்ல கேரலைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? தெரியாதவர் ஒரே ஒருவர்தான், சாந்தகுமார் ஐயர். போதகரை ஐயர் என்றுதான் சபையார் கூப்பிடுவார்கள். இவர் வந்து ஏழு வருஷம் ஆகிறது. சினிமா என்றால் ஆகவே ஆகாது. கொட்டகைத் தெருவில் நடக்காமல் ஊரையே சுற்றிக்கொண்டு போவார். வீட்டு ரேடியோ செய்திக்கு மட்டும்தான் வாய் திறக்கும். டீச்சரின் மெட்டுகள் பரலோகத்திலிருந்து இறங்கியவை என்று பிரசங்க பீடத்திலேயே சொன்னவர் அவர். கொட்டகைக் கூரையும் கொஞ்சம் உயரம்தான் என்பதால் டீச்சர் மறுத்துப் பேசவில்லை.

எண்பத்துமூன்றில் ஐயர் இயேசுதாசன் என்ற பையனைக் கேரல் கோஷ்டியிலிருந்து நீக்கினார். மேட்டினி பார்த்துவிட்டு வெளியே வரும்போது யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கோஷ்டியில் கட்டைக்குரல் அவன் ஒருவனுக்குத்தான். டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு படம் பார்த்தவனுக்கே இந்தக் கதி என்றால் இருபது வருஷமாகப் பாட்டைச் சுட்டவளுக்கு என்ன கதி? கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் காலம் தள்ளியவருக்கு அந்த ஆர்மோனியம்தான் எல்லாம். அதைப் பிடுங்கிவிட்டால் உயிரோடு இருந்து என்ன பண்ணுவது என்றே நினைத்தார்.

அடுத்த மாசம் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்தது. ஐயரும் டீச்சரும் திருப்பதிக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் அதை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். எதிரே சிட்டிபாபு என்பவரின் கேசட் கடை. அறுபதிலிருந்து வருஷத்துக்கு ஒன்றாக ஹிட் பாட்டுகளைப் பொறுக்கி ஒரே கேசட்டில் பதிந்து விற்பது அவர் வியாபாரம். ஊருக்கே கேட்கும்படி அதைப் போட்டார்.

பஸ் இரைச்சலில் முதலில் மெட்டு மட்டும்தான் வந்தது.

"டீச்சரம்மா, நம்ம பாட்டு போடறாங்க" என்று ஐயர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அடுத்தது ஈஸ்டர் பாட்டு. அதற்கடுத்தது பூசணிக்காய். டீச்சர் சித்தூர் பஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். நின்றிருந்த பஸ்கள் கிளம்பிப் போனதும் வார்த்தைகளும் காதில் விழுந்தன. யோசேப்பு இருக்கவேண்டிய இடத்தில் எவளோ ஒருத்தியின் இடுப்பு இருந்தது.

ஐயர் விறுவிறுவென்று கடைக்குப் போனார். டீச்சர் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"இதெல்லாம் உனக்கு யாருப்பா குடுத்தது?"

"சினிமாப் பாட்டு சார். அன்னி, எல்லாமே நம்பர் ஒன்னு."

"எங்க சபைப் பாட்டு இது. இதோ நிக்கிறாங்களே, இந்தம்மா போட்ட மெட்டு. இவங்க வருஷா வருஷம் போட, எவனோ வருஷா வருஷம் திருடிக்கினு போயிருக்கான். நீயும் அதை வித்துக்கினு இருக்கிற. வா, போலீஸ் ஸ்டேஷனுக்கு."

சிட்டிபாபு டீச்சரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார்.

"அன்னியும் மீரேனாம்மா? எல்லாம் நீங்கதானா? அந்த டிஸ்கோ கூடவா?"

ஆமென்று தலையாட்டிவிட்டால் என்ன என்று டீச்சருக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அந்தக் கும்பிடு அவ்வளவு இனிப்பாக இருந்தது. ஆனால் ஐயர் அந்த மனுஷரின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"அவர உடுங்க ஐயரே. திருட்டு நடந்தது நெஜந்தான். திருடினது நானு" என்றார் டீச்சர். பின்சுவர், குழாய் ஸ்பீக்கர், பெஞ்சுத் தாளம் எல்லாவற்றையும் அங்கேயே நின்று கொட்டிவிட்டார். "கண்ணால ஒண்ணும் பாக்கல. காதுலதான் கேட்டுக்கினேன்."

ஐயர் சட்டையை விட்டார்.

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். பக்கத்து சீட்டில் டீச்சர் மடியிலிருந்த ஆர்மோனியத்தைத் தடவிக்கொண்டே அழுதார். நாளைக்கு இதில் வேறு யாருடைய கையோ இருக்கும்.

பூதலப்பட்டு தாண்டியதும் ஐயர் தொண்டையைச் செருமினார்.

"இயேசுதாசனை ஞாயித்துக்கெழமை கோஷ்டிக்கு வரச் சொல்லுங்க. அவனாவது காசு குடுத்துக் கேட்டான். நான் ஏழு வருஷமா ஓசியில கேட்டுக்கினு இருந்திருக்கேன்."

"சரிங்க ஐயரே."

"ஆர்மோனியத்துக்கு உறை ஒண்ணு தெச்சிப் போடுங்க. இனிமே கிழியாம பாத்துக்குங்க."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கடையில கேட்டதுல ஒரே ஒரு பாட்டுதான் எனக்குத் தெரியல. அதை மட்டும் ஏன் உட்டுட்டீங்க?"

"அது கிளப் டான்ஸ் பாட்டுங்க ஐயரே. ரொம்ப மோசம்."

"வார்த்தைதானே மோசம்?" என்றார் ஐயர்.

அவருடைய விரல்கள் முன்சீட்டுக் கம்பிமேல் அந்த மெட்டைத்தான் தட்டிக்கொண்டிருந்தன. டீச்சருக்கு அதற்குமேல் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. பஸ் சித்தூர் போய்ச் சேருவதற்குள் முதல் இரண்டு அடிக்கு வார்த்தை போட்டு முடித்துவிட்டார்.