கந்தோருக்குள் இருந்த கதிரைகள்

போன மாதம் வேலணையில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். படலையில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கூடாரத்தை விரித்து, பிளாஸ்ரிக் கதிரைகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எல்லாக் கதிரையின் முதுகிலும் ஒரே தொலைபேசி இலக்கம். அழுகிற வீட்டுக்காரருக்கு ஒரு கரைச்சலும் இல்லை. நல்ல விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். இருந்தாலும் ஏதோ ஒன்று குத்தியது. எழும்பித் தடவிப் பார்த்தேன், கதிரையில் ஆணி ஒன்றும் இல்லை.

நெடுந்தீவு என்றால் எல்லாருக்கும் அங்கே கட்டாக்காலியாய்த் திரியும் குதிரை ஞாபகம் வரும். எனக்குக் கதிரைதான் ஞாபகம் வருகிறது. சிரிக்காமல் கேளுங்கள்.

சண்டை முடிந்து சில வருடங்களின் பின், பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஒரு திட்டத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. அதுதான் முதல் வேலை. அளவுநாடாவின் ஒரு நுனியைப் பிடிப்பதும், அதிகாரி சொல்கிற எண்ணைக் கொப்பியில் எழுதுவதும் என் பதவி. கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கும். குறிகட்டுவான் துறையில் படகு ஏறும்போது, ஆட்கள் பார்க்கட்டும் என்று அதை முன்னால் இழுத்துவிடுவேன். நடுக்கடலில் தலைசுற்றிச் சத்தி வரும்போது ஒளித்துவைப்பேன்.

எங்களுக்கு ஒப்படைத்த கட்டடத்தை நெடுந்தீவார் கந்தோர், அதாவது அலுவலகம், என்றுதான் சொன்னார்கள். யாருடைய கந்தோர் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை. ஒல்லாந்தர் வரி வாங்கின இடம் என்றார் ஒருவர். வெள்ளைக்காரன் மருந்து கொடுத்த இடம் என்றார் இன்னொருவர். இரண்டையும் எழுதிக்கொண்டேன். முருகைக்கல்லால் கட்டிய தடித்த சுவர்கள். வடக்குச் சுவரை மூன்று தரம் அளந்து மூன்று எண் எழுதினேன். பிழை என்னிலா சுவரிலா என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"ரெண்டிலையும்" என்றார்.

அவர் நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். காலையில் வந்ததும், மாட்டுக்காரர் மாட்டைத் தடவுவதுபோல அந்தச் சுவரை ஒருதரம் தடவிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். சுவர் வெளிப்பக்கமாகச் சரிகிறது, மாரி மழைக்கு முன் முட்டுக்கொடுக்காவிட்டால் விழும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

உள்ளே போக, ஊர்ப் பொதுச் சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்த சவிரிமுத்து அண்ணை திறக்க வேண்டும். கந்தோரின் திறப்பு அவர் இடுப்பில் ஒரு நூல்கயிற்றில் கட்டியிருக்கும். அவர் ஆமைப்பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியதும் வந்த மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. அடுப்புக்கரியும், நனைந்த சாக்கும், எப்போதோ காய்ச்சிய சாம்பாரும் கலந்த மணம். பெரிய சமையல் நடக்கிற வீட்டுக் கோடிப்பக்கம் போனால் இப்போதும் ஒரு கணம் நெடுந்தீவில் நிற்பேன். உள்ளே மரக்கதிரைகள், வாங்குகள், ஆள் இருந்து குளிக்கக்கூடிய சமையல் கிடாரங்கள், அகப்பைகள், தறப்பாள்கள். ஊரின் செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் உரிய சாமான் முழுவதும் அங்கேதான் இருந்தது.

நாங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் வெறும் மேலோடு இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் திருநீறு பூசியிருந்தார்கள்; ஒருவர் கண் சிவந்திருந்தது. சவிரிமுத்து அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதரின் தோளில் ஒருதரம் கையை வைத்துவிட்டு, முதல் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். நாங்களும் ஆளுக்கு இரண்டு தூக்கினோம். அதிகாரியும் தூக்கினார்.

"சைவக்காரருக்கும் குடுப்பியளோ அண்ணை?" என்று கத்தோலிக்கரான அவரிடம் கேட்டேன். பிறகுதான் எவ்வளவு மடைத்தனமான கேள்வி என்று விளங்கியது.

"செத்தவனுக்கு என்ன பிள்ளை? கழுவிக் கொண்டுவந்து வைச்சாச் சரி."

கட்டடத்தைக் காலியாக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னார். சவிரிமுத்து அண்ணை கூரையைப் பார்த்தார். சரிந்த சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதிகாரியிடம் கேட்கக் கூச்சமோ, அல்லது கழுத்தில் தொங்கிய அட்டையை நம்பினாரோ தெரியாது.

"வேலை முடியச் சாமானைத் திரும்ப உள்ளுக்கு வைக்கலாம்தானே பிள்ளை?"

அதிகாரி ஏணியில் நின்று ஒரு கூரை வளையை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறிப் போய்க் கேட்டிருக்கலாம். ஐந்து படிதான். நான் "ஓம்" என்றேன்.

அவர் கயிற்றை அவிழ்த்துத் திறப்பை என் கையில் வைத்தார்.

சாமான்களைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குத்தானே என்று எல்லாரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் சுண்ணாம்பு நீற்றிச் சுவரைத் தூக்கி நிறுத்தினோம். அந்த மாரியில் பின்னால் இருந்த, நாங்கள் கைவைக்காத சின்ன அறை முழுதாக விழுந்தது. கந்தோர் அசையவில்லை. அதிகாரி அன்று முழுக்கச் சிரித்தபடி இருந்தார். நானும்தான்.

வேலை முடிந்தபோது கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. பக்கத்தில் ஒரு பலகை. பாதுகாக்கப்பட்ட கட்டடம், உள்ளே பொருட்கள் வைக்கக்கூடாது. அதிகாரியிடம் போனேன்.

"ஊராக்கள் சாமான் வைக்க வேணும் ஐயா. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"கிடாரத்துக் கரியும் ஈரமும் பட்டால் சுண்ணாம்பு நிக்காது பிள்ளை" என்றார். சுவரை ஒருதரம் தடவிவிட்டு, "என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார். அவர் முகத்திலும் கவலைதான் இருந்தது. யாரிலே கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தம் முடிந்து வேறு வேலைக்குப் போய்விட்டேன். சவிரிமுத்து அண்ணையிடம் சொல்லாமல்தான் படகு ஏறினேன். பிறகு பல வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

வேலணைச் செத்தவீடு முடிந்த அடுத்த கிழமை போனேன். இந்தத் தரமும் சத்தி எடுத்தேன். கந்தோர் வெள்ளையாக, வடிவாக நின்றது. பலகையில் ஒல்லாந்தர் காலம் என்று இருந்தது. நான் எழுதிக்கொடுத்த இரண்டாவது கதையைக் காணவில்லை. ஒரு புதுத் தம்பதி கதவடியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் போனைத் தந்து, இரண்டு பேரையும் சேர்த்து ஒன்று எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக்கொடுத்தேன். உண்மையாகவே நல்ல படம்.

சவிரிமுத்து அண்ணை வீட்டில் அவருடைய மனைவி றோசம்மா அக்கா மட்டும் இருந்தார். அண்ணை கண் ஒப்பரேசனுக்காக வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். என்னை அடையாளம் கண்டு, கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். படகில் யோசித்துக்கொண்டு வந்ததையெல்லாம் தலைகீழாகச் சொல்லி முடித்தேன். கேட்காமல் வாக்குக் கொடுத்ததை, சொல்லாமல் போனதை.

"அதையே இவ்வளவு காலமும் யோசிச்சனீர்?" என்றார். "அந்தத் திறப்பைக் குடுத்த பிறகுதான் மனுசன் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. அதுக்கு முதல் மகளின்ரை பிள்ளைப்பேறுக்குக்கூடப் போகேல்லை. ஆரும் செத்தால் ஆர் திறக்கிறது எண்டு இருந்திட்டார். உமக்கு நான் நன்றியெல்லோ சொல்ல வேணும்."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் நன்றி கிடைத்தால் அதை எங்கே வைப்பது? தேத்தண்ணியைக் குடித்தேன். சாமான்கள் எங்கே என்று கேட்டேன்.

"ஒரு கிடாரம் கோயிலடியிலை கிடக்கு. ஒண்டிலை ஆரோ மழைத்தண்ணி பிடிக்கினம். மற்றது தெரியாது. இப்ப ஆக்கள் போன் பண்ணி யாழ்ப்பாணத்திலை இருந்து எடுப்பிக்கினம். கெதியா வருது, பிழை சொல்ல ஏலாது."

படகுக்கு நேரமாகிவிட்டது. கோப்பையை வாங்கிக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"முந்தி ஊரிலை ஆர் செத்தாலும் முதல் எங்கடை படலையிலைதான் வந்து சொல்லுவினம். போன கிழமை எங்கடை பின்வளவு வீட்டு மனுசி செத்துப்போச்சு. அடுத்த நாள் கோயிலிலை செத்தவீட்டு மணி அடிக்கேக்கைதான் எனக்குத் தெரியும்."