முழுக்கைச் சட்டை

மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் படகில் உயிர்காப்பு அங்கி கொடுப்பவர் அவர். வெயிலில் கறுத்த, குட்டையான மனிதர். அங்கியை நீட்டும்போது ஒவ்வொருவரிடமும், "நீந்தத் தெரியுமோ?" என்று கேட்பார். பதில் வரும்வரை அங்கியை விடமாட்டார்.

அன்று என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு பையனோடு ஏறினாள். அவளிடம் கேட்டதற்கு அவன், "தெரியாது" என்றான்.

"தம்பி, நான் பிள்ளையிட்டத்தான் கேட்டனான்."

அவள் முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான், "தெரியாது" என்றாள். அங்கிக்குள் கையை நுழைத்தபோது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் விரல் பதிந்து கன்றிய தடங்கள்.

அவர் பையனை முன்னுக்கு அனுப்பிவிட்டு, அவளை என் பக்கத்தில் இருத்தினார். அவள் தலை குனிந்தபடி, "டீச்சர்" என்றாள். அதைக் கேட்டவர் என்னிடம் திரும்பினார்.

"உங்கட பிள்ளையோ டீச்சர்? கையைப் பாத்தனீங்களோ?"

"இப்பத்தான் காணுறன்" என்றேன்.

பொய். போன கிழமையே கண்டிருந்தேன். யார் செய்தது என்றுகூடக் கேட்காமல், சனம் கதைக்கும், இனி முழுக்கைச் சட்டை போடு என்று அவளிடம் சொன்னவளே நான்தான்.

என் பதிலைக் கேட்ட அவள், சட்டைக் கையை மெல்லக் கீழே இழுத்துவிட்டாள்.