ஆர்லிஸ் மைண்ட்ஸ் வேண்டாம் என்று சொன்னபோது

நூற்று அறுபது ஏக்கர் சோயா. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் அது முழுவதும் இலை உதிர்த்து, நெற்று கலகலத்து, அறுவடைக்குத் தயாராக நின்றது. அதை அறுக்க வேண்டிய ஆர்லிஸ் மைண்ட்ஸ், வயது அறுபத்தெட்டு, வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டோடு சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் உடைந்தது தேவாலயத்தில். அடக்க ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிடக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்குத் தட்டோடு ஆர்லிஸ் படியிறங்கினார். கடைசிப் படி இருப்பதை மறந்துவிட்டார். விழுந்தவர் தட்டை மட்டும் நிமிர்த்திப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்த உருளைக்கிழங்கு பரிமாறப்பட்டுத் தீர்ந்தும் போனது. "உப்பு சரியா இருந்துதா?" என்று அவர் ஸ்ட்ரெச்சரிலிருந்து கேட்டதாகவும், இருந்தது என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னதாகவும் ஊரில் பேச்சு.

ஐயோவாவின் வடக்கே, சாலைகள் எல்லாம் நேர்கோடாக ஓடும் பகுதி இது. சீயோன் லூத்தரன் சபையின் சமையலறை நெடுங்காலமாக ஆர்லிஸின் கையில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பரில் சபை வைக்கும் ஹாம் விருந்தும், அதாவது பன்றியிறைச்சி விருந்தும், அவர் பொறுப்புதான். நிலம் அவருடைய அப்பாவினுடையது. அவர் ஒரே மகள் என்பதால், எழுதப் படிக்கப் பழகியதோடு டிராக்டரும் ஓட்டப் பழகினார். கணவர் லேலண்ட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். குழந்தைகள் நிறைந்த பேருந்தைப் பனியிலும் பிசகாமல் ஓட்டுவார். ஆனால் அறுவடை இயந்திரத்தில் ஒரே ஒரு முறைதான் ஏறியிருக்கிறார். அன்று மக்காச்சோளத்தோடு பக்கத்து வீட்டு விர்ஜில் ட்யார்க்ஸின் தபால் பெட்டியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் இயந்திரத்துக்குப் பத்தடி தள்ளி நிற்பதென்று ஆர்லிஸும் விர்ஜிலும் கூடித் தீர்மானித்தார்கள். லேலண்டும் எதிர்க்கவில்லை.

விர்ஜிலுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்த வருடம் அவருடைய வயலை முதலில் அறுத்தது ஆர்லிஸின் இயந்திரம்தான். டானி ஐலர்ஸுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வாரம் அவர் வீட்டுக்குத் தினமும் சாப்பாடு போனது ஆர்லிஸின் அடுப்பிலிருந்து. கொடுத்த உதவிக்குக் கணக்கே இல்லை. கேட்ட உதவி என்று ஒன்று கிடையாது.

இந்த முறையும் கேட்க வேண்டியிருக்காது என்றுதான் இருந்தார். வழக்கப்படி விர்ஜில் மறுநாளே வந்தார். முற்றத்திலேயே நின்று, தொப்பியைச் சற்றுத் தூக்கினார்.

"ஏம்மா ஆர்லிஸ், சோயாவுக்கு ஒரு கை கொடுக்கட்டுமா?"

"அதெல்லாம் வேணாம் விர்ஜில். ஒனக்கே ஏகப்பட்ட வேலை கெடக்கு."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆர்லிஸ் திருப்தியாக இருந்தார். முதல் முறை சரி என்று சொல்வது எங்கள் ஊரில் பறிப்பதற்குச் சமம்.

இரண்டாம் முறை அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். "மெஷின் சும்மாதான் நிக்குது, எடுத்துட்டு வரவா?" என்றார். "எதுக்கு உனக்குச் சிரமம்" என்றார் ஆர்லிஸ். இது வேண்டாம் என்பதைவிட எவ்வளவோ இளகிய பதில். இருவருக்கும் அது தெரியும். அதே போல டானி ஐலர்ஸும் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது முறை யார் கேட்டாலும், "வேற வேலை இல்லேன்னா வா" என்று ஆர்லிஸ் சொல்லுவார். மறுநாள் இயந்திரம் வயலில் நிற்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து காபி நேரத்தில் கேட்கலாம் என்று விர்ஜில் நினைத்திருந்தார். டானியும் அப்படியே.

இடையில் பாஸ்டர் செலியா ஓர்ட்டேகா வந்தார்.

கோடையில்தான் அவர் கலிபோர்னியாவிலிருந்து இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்திருந்தார். நல்ல குரல், நல்ல பிரசங்கம், வேகமான நடை. வெள்ளிக்கிழமை மதியம் ஆர்லிஸைப் பார்க்க வந்தவரைச் சமையலறை மேசையில் உட்கார வைத்து, லேலண்ட் தேநீர் கொதிக்க வைத்தார். எங்கள் பகுதியில் தேநீர் என்றால் கோப்பையின் அடியில் கற்கண்டு, மேலே ஒரு கரண்டி பாலேடு. கலக்கக் கூடாது.

முதல் கோப்பை முடிந்தது. ஆர்லிஸ் கெண்டியை எடுத்தார்.

"போதும்மா, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் பாஸ்டர்.

ஆர்லிஸ் ஊற்றினார். இரண்டாவதும் முடிந்தது.

"ஐயோ, நிஜமா வேணாங்க!"

ஆர்லிஸ் மறுபடியும் ஊற்றினார். கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தால்தான் போதும் என்று அர்த்தம். பாஸ்டரின் கரண்டியோ தட்டிலேயே கிடந்தது. அவர் மூன்றாவது கோப்பையை மருந்து போலக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அறுவடைக்கு ஆள் வேணுமா உங்களுக்கு? சபையில சொல்லி நான் ஏற்பாடு பண்ணட்டுமா?"

"அதெல்லாம் வேணாம் பாஸ்டர். பாத்துக்குவோம்."

"நிச்சயமாவா?"

"பாத்துக்குவோம்" என்றார் ஆர்லிஸ், புன்னகையோடு.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து லேலண்ட் பலமாக இருமினார். பாஸ்டர் அவருக்கு இருமலுக்கு இஞ்சி நல்லது என்று சொல்லிவிட்டு, மனநிறைவோடு காரில் ஏறிப் போனார்.

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும்போது அவர் முகமெல்லாம் மலர்ச்சி. "ஒரு நல்ல செய்தி. ஆர்லிஸ் வீட்டு அறுவடைக்கு எல்லா ஏற்பாடும் ஆயிடுச்சு. அவங்களே என்கிட்ட சொன்னாங்க. யாரும் கவலைப்பட வேணாம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

சபை ஸ்தோத்திரம் சொன்னது. ஆர்லிஸும் சொன்னார். வேறு என்ன சொல்வது? பாஸ்டர் சொன்னது தப்பு என்று ஆராதனை நடுவே எழுந்து நிற்க முடியுமா, அதுவும் மாவுக்கட்டோடு?

விர்ஜில் டானியை ஓரக்கண்ணால் பார்த்தார். முந்திக்கொண்டுவிட்டான், பயல். டானி விர்ஜிலின் பின்னந்தலையைப் பார்த்தார். கிழவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காபி நேரத்தில் இருவரும் ஆர்லிஸிடம் வானிலை பற்றி மட்டும் பேசினார்கள்.

அடுத்த வாரம் முழுவதும் நல்ல வெயில். நாலா திசையிலும் இயந்திரங்களின் புழுதி எழுந்தது. மைண்ட்ஸ் வயலில் மட்டும் ஒன்றும் எழவில்லை. வாடகை இயந்திரக்காரர்கள் எல்லோரும் எப்போதோ ஒப்புக்கொண்ட வேலைகளில் இருந்தார்கள். காற்று பலமாக அடித்தால் நெற்று வெடித்து மணி தரையில் கொட்டிவிடும். மழை பெய்தால் ஓடைப் பக்கம் இயந்திரம் இறங்காது. செவ்வாய்க்கிழமை மழை, பின்னாலேயே பனி என்று வானொலி சொல்லத் தொடங்கியது.

"விர்ஜிலுக்கு ஒரு போன் போட்டா என்ன?" என்றார் லேலண்ட்.

"போட்டு?"

"வாங்கன்னு சொல்லு."

"வாங்கன்னா? நான் கூப்பிடறதா? அவருக்கு ஐம்பது அறுபது ஏக்கர் மக்காச்சோளம் இன்னும் நிக்குது."

"அப்ப நான் போடறேன்."

"போட்டீங்கன்னா நாளைலேர்ந்து நீங்களே சமைச்சுக்குங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "இந்த வருஷம் இது போச்சுன்னா, வர்ற வருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட வேண்டியதுதான். திரும்பவும் விதை வாங்க நம்மகிட்ட பணம் இருக்காது. நான் ஜன்னல்லேர்ந்து அடுத்தவங்க ஓட்டறதைப் பாத்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான்."

லேலண்ட் தானே இயந்திரத்தை எடுக்கட்டுமா என்று மட்டும் கேட்டார். அவர் மூன்று முறை கேட்டும் பதில் ஒன்றேதான்.

ஞாயிறு வந்தது. சீயோன் சபையில் பிரசங்கத்துக்குப் பிறகு ஜெப விண்ணப்பம் உண்டு. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கை தூக்கிச் சொல்லலாம். மருத்துவமனையில் இருக்கும் அத்தை, வேலை தேடும் பேரன், தூர தேசத்தில் நிலநடுக்கம். சொந்தக் காரியம் மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆர்லிஸ் அந்த நேரத்தில் கை தூக்கியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அன்று தூக்கினார்.

"சொல்லுங்க ஆர்லிஸ்."

"ஒரு சோயா வயலுக்காக ஜெபிக்கணும் பாஸ்டர்."

"கட்டாயம். யாரோட வயல்?"

"பேரெல்லாம் எதுக்கு. கர்த்தருக்குத் தெரியும்."

"சரி. மழை வேணும்னு ஜெபிக்கணுமா, வேணாம்னா?"

"வேணாம்னுதான். நாளைக்கு ராத்திரி வரைக்கும் வேணாம்." ஆர்லிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். காதுகள் சிவந்திருந்தன. "ஓடைப் பக்கம் நிலம் நல்லா காஞ்சிருக்கு, மெஷின் தாராளமா இறங்கும். வடக்கு கேட்டு தொறந்துதான் கெடக்கு. அதையும் கர்த்தர்கிட்ட சொல்லிடுங்க."

எங்கள் சபையில் ஆராதனை நடுவே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று விர்ஜில் ட்யார்க்ஸ் முழுசாகத் திரும்பிப் பார்த்தார். பாஸ்டர் கண்ணை மூடி, அந்த வயலையும், ஓடையையும், திறந்திருக்கும் வடக்கு கேட்டையும் ஒன்று விடாமல் ஆண்டவர் சமூகத்தில் வைத்தார். ஆமென் சொல்லும்போது பாதிப் பேருக்கு அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்கியது.

கீழ்த்தளத்தில் காபி ஊற்றும் முன்பே விர்ஜில் டானியைப் பிடித்தார்.

"என்னப்பா, நீதானே அறுக்கறதா இருந்துச்சு?"

"நானா? நீங்கன்னு நெனச்சு ஒரு வாரமா உங்ககூட பேசாம இருக்கேன்!"

"பேசலையா? நான் கவனிக்கவே இல்லையே."

இருவரும் சேர்ந்து பாஸ்டரைப் பார்த்தார்கள். பாஸ்டர் கையில் இனிப்போடு நின்றிருந்தார். "அவங்க வேணாம்னுதானே சொன்னாங்க" என்றார். "பாத்துக்குவோம்னு சொன்னாங்க. நான் நிச்சயமாவான்னு கூடக் கேட்டேன்."

"எத்தனை தடவை கேட்டீங்க?" என்றார் விர்ஜில்.

"ஒரு தடவை."

டானிக்குக் காபி புரையேறிவிட்டது. "ஒரு தடவை கேட்டுட்டுக் கார்ல ஏறிட்டாங்களாம்!" என்று அவர் மனைவியிடம் சொல்ல, அவர் பக்கத்து மேசைக்குச் சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு பரவியது. பாஸ்டர் செலியா கையிலிருந்த இனிப்பை மேசையில் வைத்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு திகில் படர்ந்தது. "அப்ப, ஜூலையிலேர்ந்து நான் வேணாம்னு சொன்ன சாப்பாடெல்லாம்..."

"ஒரு தடவை வேணாம்னா யாரு நம்புவா? அதான் எல்லாத்தையும் உங்க காருக்குள்ள வெச்சுட்டுப் போனோம்" என்றார் டானியின் மனைவி.

விர்ஜில் ஆர்லிஸின் நாற்காலி அருகே போனார். தொப்பி இல்லாததால் தலையைத் தொட்டுக்கொண்டார்.

"ஏம்மா ஆர்லிஸ், நாளைக்கு நான் சும்மாதான் இருக்கேன்."

அறையில் இருந்த எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும்.

"வேற வேலை இல்லேன்னா வா" என்றார் ஆர்லிஸ், காபியைப் பார்த்தபடி.

ஞாயிறு என்பதால் அன்று யாரும் வயலில் இறங்கவில்லை. இயந்திரங்களைக் கழுவி, எண்ணெய் போட்டு, சாலையோரம் வரிசையாகக் கொண்டுவந்து மட்டும் நிறுத்தினார்கள். அது வேலைக் கணக்கில் வராது என்பது சபையின் பொதுவான கருத்து.

திங்கள் காலை பனித்துளி உலர்ந்ததும் ஐந்து இயந்திரங்கள் வடக்கு கேட்டு வழியாக உள்ளே போயின. லேலண்ட் பத்தடி தள்ளி நின்று கையசைத்தார். வயலோரம் நிறுத்திய பிக்கப் வண்டியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆர்லிஸ் கைபேசியில் ஆட்சி செய்தார்.

"டானி, வேலியோரம் ரெண்டு வரிசை விட்டுட்டே."

"திரும்பி வரப்ப எடுக்கறேங்க."

"அப்படித்தான் சொல்லுவே. இப்பவே எடு."

பாஸ்டர் செலியா விர்ஜிலின் இயந்திரத்தில் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். வேலைக்கு இடையில் விர்ஜில் அவருக்குத் தேவையான எல்லாப் பாடங்களையும் உரக்கச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரிகிறது. பொழுது சாயும்போது கடைசி லாரி தானியக் கிடங்குக்குக் கிளம்பியது. ஆர்லிஸ் வண்டியிலிருந்து இறங்கி, ஊன்றுகோலோடு வெட்டிய தாளின் மேல் நாலு அடி நடந்து பார்த்தார். குனிந்து ஒரு பிடி மண்ணும் நெற்றும் அள்ளி, உதிர்ந்த மணிகளைத் தேடினார். அதிகம் இல்லை. "பரவாயில்லை" என்றார். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சமையலறையில் அன்று உட்கார இடமில்லை. பாஸ்டர் தேநீர்க் கோப்பையோடு ஆர்லிஸிடம் வந்தார்.

"ஹாம் விருந்துக்கு சமையலறையில நான் உதவட்டுமா?"

"அதெல்லாம் வேணாம் பாஸ்டர்."

"உதவட்டுமா?"

"எதுக்கு உங்களுக்குச் சிரமம்."

"உதவட்டுமா?"

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கக் கூடாது என்பதை விர்ஜில் சொல்லிக் கொடுக்க மறந்திருக்க வேண்டும். ஆனாலும் ஆர்லிஸ் சிரித்துவிட்டார். "வேற வேலை இல்லேன்னா வாங்க" என்றபடி கெண்டியை எடுத்தார். பாஸ்டர் அவசரமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார். ஆர்லிஸ் கெண்டியைக் கீழே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை லேலண்ட் அடுத்த வருட விதைக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தார். தேவாலயத்துப் படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டாகிவிட்டது. நவம்பர் முதல் சனிக்கிழமை ஹாம் விருந்து. உருளைக்கிழங்குத் தட்டுகளைக் கீழே இறக்கும் பொறுப்பு பாஸ்டர் செலியாவுக்கு.